எறும்பின் தலைக்குள் ஒரு வாத்து

எறும்பின் தலைக்குள் வாத்து உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். ஏதோ நிழல், ஏதோ சாயல் என்று நினைத்துவிட வேண்டாம். அலகைத் தூக்கிக்கொண்டு, வாலை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, "என்ன, பார்த்தாச்சா, கிளம்பலாமா?" என்று கேட்கிற தோரணையில் உட்கார்ந்திருந்த முழு வாத்து. எறும்பும் லேசுப்பட்ட எறும்பு இல்லை. அதன் தலை ஒரு வீட்டின் முன்னறையை அடைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் பூராவும் கிடந்தது. அதற்குள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வேலை பார்த்தார்கள். நான் தினமும் உள்ளே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வருவேன். ஒரு தடவைகூட அது என்னைக் கடித்ததில்லை.

என் வீட்டுக்காரி இருந்தால் இந்த இடத்தில் குறுக்கே விழுவாள். "இவரு சொல்றதுல முக்கால்வாசியக் கழிச்சுக்குங்க. மிச்சத்த வெயில்ல காயப் போடுங்க. காஞ்சு சுருங்கி எது நிக்குதோ அதுதான் நெசம்" என்பாள். எந்த விருந்தாளி வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிடுவாள்.

நான் என்ன செய்வது? வேலை அப்படி. வாலிபம் முழுவதும் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவன் நான். கீழே ஏறுகிறவர் மேலே இறங்குவதற்குள் கதை முடிந்தாக வேண்டும். அத்தனை குறுகிய நேரத்தில் சின்னக் கதையைச் சொன்னால் யாருக்கு உறைக்கும்? அதனால் என் கதைகளில் மீனெல்லாம் திமிங்கலம், தும்மலெல்லாம் புயல். ஓர் அதிகாரி என் கதையின் முடிவைக் கேட்பதற்காக இறங்க வேண்டிய மாடியை விட்டுவிட்டு மேலே போய், மறுபடி கீழே வந்து, மறுபடி மேலே போய், அப்படியே லிஃப்டுக்குள்ளேயே ஓய்வு பெற்றுவிட்டார். மாலையெல்லாம் உள்ளேயே வந்து போட்டார்கள்.

சரி, எறும்புக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதிக்கு அந்த இரண்டு பேரும் குடிவந்தபோது சாமான் என்று பெரிதாக எதுவும் இறங்கவில்லை. இரண்டு மேஜை, இரண்டு பெரிய திரை, எழுதுபலகை மாதிரி இரண்டு கண்ணாடிப் பலகை, அதில் எழுதுகிற பேனாக்கள். தெருவில் அவனுக்குக் கோட்டுக்காரன் என்று பெயர் விழுந்துவிட்டது. கோட்டு மாட்டிக்கொண்டு திரிகிறவன் என்று நினைக்காதீர்கள். அவன் பனியனோடு உட்கார்ந்து கோடு போடுகிறவன். அவளும் கோடு போடுகிறவள்தான். இருந்தாலும் தெருவுக்கு ஒரு வீட்டுக்கு ஒரு பட்டம் போதும்.

"அப்படி என்னதாம்மா கோடு போடுறீங்க, விடிஞ்சா எழுந்தா?" என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டேன்.

"உக்காருங்க மாமா, காட்டுறேன்" என்று அவள் திரையைத் திருப்பினாள்.

எங்கோ ஓர் ஆராய்ச்சிக்கூடம். அங்கே ஏதாவது ஒரு பூச்சியின் உடம்புத் துணுக்கைப் பிசினில் புதைத்து, கல்லாக இறுக வைத்து, வைரக்கத்தியால் சீவித் தள்ளுகிறார்கள். வெங்காயத்தின் மேல்தோல் இருக்கிறதே, அதையே ஆயிரமாகப் பிளந்தால் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு மெல்லிசு. என் கதைகளில் நான் ஒரு சுழிகூடக் கூட்டிச் சொல்லாத இடம் இது ஒன்றுதான். கூட்டுவதற்கு இடமே வைக்கவில்லை அவர்கள். சீவிய ஒவ்வொரு துண்டையும் படம் பிடிக்கிறார்கள். படங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கடுக்காக வரும். ஒவ்வொரு படத்திலும் சாம்பல் நிறத்தில், கொதிக்கிற பாலில் முட்டுகிற நுரைக் குமிழ்கள் மாதிரி, சின்னதும் பெரிதுமாக வட்டங்கள்.

"ஒவ்வொரு வட்டமும் ஒரு நரம்பு இழை மாமா. குறுக்க வெட்டுனதால வட்டமாத் தெரியுது. இதச் சுத்திக் கோடு போட்டு, உள்ள நீலம் அடிச்சுட்டேன்னு வைங்க. அடுத்த படத்துக்குப் போனா இதே வட்டம் மயிரிழை நகந்திருக்கும். அங்கயும் கோடு, அங்கயும் நீலம். இப்படியே விடாமப் போனா இந்த இழை எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு தெரிஞ்சுரும்."

"அட, லிஃப்ட்!" என்றேன். "ஒவ்வொரு படமும் ஒரு மாடி. உன் நீலம்தான் லிஃப்ட் ஓடுற பொந்து. எல்லா மாடியிலயும் இருக்கும், ஆனா எந்த மாடிக்கும் சொந்தமில்ல."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏங்க, மாமா சொன்னத கேட்டீங்களா?"

"ம்" என்றான் அவன், திரும்பாமல்.

"இதையெல்லாம் மிஷினே போடாதா?"

"போடும் மாமா. நல்லாவே போடும். ஆனா ரெண்டு இழை ஒட்டி உரசிக்கிட்டுப் போற எடத்துல ரெண்டையும் ஒண்ணாக்கிடும். இல்ல, ஒண்ண ரெண்டா வெட்டிடும். யாரு யாருன்னு பிரிச்சுச் சொல்ல மனுசங்க வேணுமாம்."

அவர்கள் வேலை செய்கிற முறைதான் விசேஷம். அவன் அடுக்கின் மேல் படத்திலிருந்து கீழே இறங்குவான். அவள் கடைசிப் படத்திலிருந்து மேலே ஏறுவாள். நடுவில் ஒரு படத்தில் சந்திக்க வேண்டும். அதுவரை ஒருவர் படத்தை மற்றவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஒருவர் செய்த தப்பை மற்றவரும் நம்பிவிடுவார் என்று ஆராய்ச்சிக்கூடத்து மேடத்தின் கண்டிப்பு. அதனால் மேஜைகளை எதிரெதிர்ச் சுவரில் போட்டு, முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். நடுவில் என் நாற்காலி. இரண்டு முதுகுக்கும் கதை சொன்ன ஒரே ஆள் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

சந்திக்கிற நாளைக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, ஒரே திரை முன்னால் தோளோடு தோள் உட்கார்ந்து, ஒவ்வோர் இழையாக ஒட்டிப் பார்ப்பார்கள். மேலிருந்து வந்த நீலமும் கீழிருந்து வந்த நீலமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் அவள் கைதட்டுவாள். எல்லாம் பொருந்தினால் அன்று சமையல் இல்லை. வெளியே போய்ச் சாப்பாடு. முந்தைய அடுக்குகளில் எனக்கும் ஐஸ்கிரீம் வந்திருக்கிறது. மற்றவர்களுக்குக் கல்யாண நாள் எப்படியோ, அப்படி அவர்கள் இரண்டு பேருக்கும் அந்த நாள்.

அவன் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேனா பலகையில் பட்டுவிட்டால் இடி விழுந்தாலும் அசையாது. அப்போது அவனிடம் என்ன கேட்டாலும் "ம்"தான். அதை வைத்து அவள் ஒரு விளையாட்டே கண்டுபிடித்திருந்தாள்.

"வேடிக்கையப் பாருங்க மாமா. ஏங்க, ஒரு யானை வாங்கலாமா?"

"ம்."

"சமையக்கட்டுல கட்டிப் போடலாமா?"

"ம்."

"தீனிக்கு உங்க மீசையச் செரைச்சுப் போடலாமா?"

"ம்."

கோடு வழுக்கிக்கொண்டு போனது, எண்ணெயில் ஊசி போகிற மாதிரி. எனக்கும் ஆசை வந்துவிட்டது. "தம்பி, உங்க மாமியார் நாளைக்கு வர்றாங்களாம். பெட்டி படுக்கையோட. இனிமே இங்கதானாம்."

"ம்."

"பாத்தியாம்மா, மாமியாருக்கே அசையல! இது கையில்ல, தண்டவாளம்."

சாப்பிடும்போது அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே முகத்தை இறுக்கி வைத்துக் கேட்பாள். "யானை எப்பங்க வருது?"

"எந்த யானை?" என்று அவன் விழிப்பான். அவள் சிரிக்கிற சிரிப்பில் மாடியில் என் வீட்டுக்காரி கரண்டியைக் கீழே போட்டுவிடுவாள். அவனும் கொஞ்ச நேரம் கழித்து, எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, தனியாகச் சிரிப்பான். நல்லவன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையை நான் இன்னும் சுவையாகச் சொல்லியிருப்பேன்.

பிறகு அந்த எறும்பு வந்தது. மழையும் வந்தது.

அந்த வருஷத்து மழையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தெருவில் தண்ணீர் ஏறி, மீன்கள் எங்கள் மாடிப்படியில் வந்து நின்று முகவரி விசாரித்தன. துவைத்த துணி காயாமல் முன்னறையிலேயே கொடி கட்டிப் போட்டிருந்தார்கள்; இரண்டு முதுகுகளுக்கும் நடுவில் ஈரச் சட்டைகளும் புடவைகளும் தொங்கின. நான் ஒரு சட்டைக் கையை ஒதுக்கிவிட்டுத்தான் என் நாற்காலிக்குப் போக வேண்டும். எறும்புகள் மழைக்குப் பயந்து மேலே ஏறி என் வீட்டுக்காரியின் சர்க்கரை டப்பாவுக்குள் புகுந்தன. அவள் ஈரத்துணியால் ஒரே இழுப்பில் நூறு எறும்பைத் துடைத்து எறிவாள். கீழே இரண்டு பேர் ஒரே ஓர் எறும்பின் ஒரே ஒரு தலைக்காகக் கண் சிவக்க உட்கார்ந்திருந்தார்கள்.

அது மற்ற அடுக்குகள் மாதிரி இல்லை. தலையில் இழைகள் அத்தனை நெருக்கம். பண்டிகைக் கூட்டத்து லிஃப்ட் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு போயின. மேடம் அவசரப்படுத்தவில்லை, ஆனால் ஓர் இழைகூடத் தவறக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவன் விடிந்ததும் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பான். பிறகு சாப்பாடும் மேஜைக்கே வந்தது. தட்டில் அவித்த முட்டை ஆறிக் கிடக்கும். அவன் முட்டையைச் சுற்றியும் கோடு போட்டுவிடுவானோ என்று எனக்குப் பயம்.

முதலில் யானைகள் நின்றன. அதைக் கவனித்தவன் நான். ஒருநாள் அவள் விளையாட்டுக் கேள்வி கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. பிறகு உண்மையான கேள்விகளே வந்தன. "கேஸ் தீந்துடுச்சு, சொல்லிட்டீங்களா?" "ம்." "எனக்கு ரெண்டு நாளா தலைவலி." "ம்." "என் பிறந்தநாள் போயிடுச்சு, தெரியுமா?" "ம்." விளையாட்டு எது, விஷயம் எது என்று பிரிக்க முடியாமல் எல்லாம் ஒரே "ம்"முக்குள் போய் விழுந்தன.

ஒரு மத்தியானம். வெளியே மழை தகரத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் ஈரப் புடவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீரை ஊதிக்கொண்டே அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாத்து வந்தது.

சீவிய துண்டை எடுத்து வைக்கும்போது சில சமயம் அது மடிந்துபோகும். பனியனில் விழுகிற சுருக்கம் மாதிரி. மடிந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். அதற்கு அடியில் போகிற இழைகள் தெரியாது. இந்தப் பக்கம் நுழைந்த நீலம் அந்தப் பக்கம் எந்த வட்டமாக வெளியே வருகிறது என்று கணித்துப் பிடிக்க வேண்டும். வேலையிலேயே கஷ்டமான இடம் அது. அன்றைக்கு விழுந்த மடிப்பு அச்சு அசல் வாத்து. கழுத்து, அலகு, சாய்ந்த வால். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் குமிழ்.

"தம்பி, வாத்து!" என்றேன்.

"ம்" என்றான்.

அவள் சமையலறையிலிருந்து வந்தாள். கையெல்லாம் தண்ணீர். அப்போதுதான் போனில் பேசி முடித்திருந்தாள். கொடித் துணியை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு அவன் பக்கவாட்டில் வந்து நின்றாள்.

"ஏங்க."

"ம்."

"அக்கா பேசினா. அவ ஊர்ல எனக்கு வேலை பாத்து வச்சிருக்காளாம். வந்து எங்கூடவே இருந்துடுன்னு சொல்றா."

"ம்."

"போயிரட்டுமா?"

பேனா வாத்தின் அலகுக்கு அடியில் இருந்தது.

"ம்" என்றான்.

அவள் அங்கேயே நின்றாள். விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி, பிறகு சொட்டுவது நின்றது. அதுவரைக்கும் நின்றாள். பிறகு என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதில் பாதித் தேநீர் இருந்தது. நான் கேட்கவில்லை. லிஃப்டுக்குள் பேசுகிற பேச்சில் லிஃப்ட்காரன் வாய் வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

பெட்டி வெளியே வந்தது அடுக்கு முடியப் போகிற சமயத்தில். அதையும் அவன் பார்த்திருக்க மாட்டான்; அது போய் பிளக்கை மறைத்துக்கொண்டு நின்றதால் பார்த்தான்.

"என்ன பெட்டி இது?"

"எம் பெட்டி."

"எதுக்கு?"

"அக்கா வீட்டுக்குப் போறேன். இந்த அடுக்கு முடிஞ்சதும்."

"எத்தன நாளைக்கு?"

"நாள்கணக்கு இல்ல."

அவன் அப்போதுதான் நாற்காலியை முழுதாகத் திருப்பினான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்லயே!"

"சொன்னேன். போயிரட்டுமான்னும் கேட்டேன். நீங்க ம்னு சொன்னீங்க."

"எப்ப?"

"அன்னிக்கு மத்தியானம், மழை பெய்யுறப்போ. மாமாகூட இருந்தாரே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் என் ஒரு வார்த்தைக்காக இரண்டு பேர் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை. நெஞ்சு விம்மி சட்டைப் பொத்தான் தெறித்தது.

"கேட்டா தம்பி. சத்தியமாக் கேட்டா. என் ரெண்டு காதாலயும் கேட்டேன். எறும்புத் தலைக்குள்ள ஒரு வாத்து உக்காந்திருந்துச்சே, அந்த நேரம்!"



"வாத்தா?" என்றான்.

"ஆமா. அலகத் தூக்கிக்கிட்டு."

"மாமா, போன வாரம் மீன் மாடிப்படி ஏறி வந்து விலாசம் கேட்டுச்சுன்னீங்க."

"அது வேற தம்பி. அது கதை. இது..."

"லிஃப்டுக்குள்ளயே ஒருத்தரு ரிட்டயர் ஆனாருன்னீங்க."

"தம்பி, வாத்த நீயே பாத்தே. நான் சொன்னேன், நீ ம்னு சொன்னே."

"எறும்புத் தலையில வாத்து! நல்லா இருக்கு மாமா" என்று சிரித்தான். அப்படிச் சிரிக்கும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். வாத்தோடு சேர்ந்து எல்லாமே பொய்யாகிவிட்ட நிம்மதி.

அவள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சும்மா இருங்க. நீங்க சாட்சி சொன்னா நடந்ததும் நடக்காததாயிடும்."

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல" என்றான் அவன். "நீ கேட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்."

"யானை கேட்டுச்சா?"

"அது வெளையாட்டு."

"சரி. அப்ப இதையும் வெளையாட்டுன்னு நெனச்சேன்னு சொல்லுங்க. அதையாவது சொல்லுங்களேன். நடக்கவே இல்லன்னு சொல்லாதீங்க."

"நடக்காதத நடந்துச்சுன்னு எப்படிச் சொல்றது? இத்தன ஆயிரம் படத்துல போயி இப்ப வாத்தத் தேடணுமா நான்?"

"தேடச் சொல்லல. ஞாபகம் இருக்கான்னு கேட்டேன்."

அவன் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு பிளக்கைச் செருகினான்.

அன்று சாயங்காலம் அவள் மாடிக்கு வந்து என் வீட்டுக்காரியோடு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நெசமாவே போயிடுவியா?" என்று வீட்டுக்காரி கேட்டாள்.

"ம்னு சொன்னதுக்காகப் போகலக்கா. அவரு ம் சொல்லாத நாளு ஏது? கேட்டப்புறம், ஆமா கேட்டே, நாந்தான் கவனிக்கலன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா இப்பவே போயி பெட்டியப் பிரிச்சுடுவேன். நடக்கவே இல்லங்கிறாரு. அப்ப நான் அந்த வீட்டுல எதுலதான் இருந்தேன்? அவரு பாக்காத படத்துலயா?"

அவள் போன பிறகு வீட்டுக்காரி தோலை அள்ளிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "இந்தாங்க, உங்க வாத்த நான் கழிச்சுட்டேன். ஆனா அவ கேட்டதக் கழிக்கல."

சந்திக்கிற நாள் வந்தது. வழக்கப்படி நாற்காலிகள் திரும்பின. தோளோடு தோள் உட்காராமல் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். அதில் எறும்பு என்ன, அவள் கேட்ட யானையே போகலாம். ஒவ்வோர் இழையாகச் சொடுக்கினார்கள். பச்சை பொருந்தியது. சிவப்பு பொருந்தியது. மஞ்சள், ஊதா, இன்னும் பெயர் தெரியாத நிறங்கள் எல்லாம் வந்து வந்து ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் நான்தான் கைதட்டினேன். முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்த இரண்டு பேர், பேச்சே இல்லாத இத்தனை நாளில், இப்படிப் பிசகாமல் வந்து சேர முடியுமா என்று எனக்கே ஆச்சரியம்.

கடைசியில் நீலம். அவன் நீலம் ஒரு வட்டத்தில் வந்து நின்றது. அவள் நீலம் அதை ஒட்டியிருந்த பக்கத்து வட்டத்தில் நின்றது. நடுவில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, அவ்வளவுதான்.

"எங்கயோ தடம் மாறிட்டே" என்றான்.

அவள் தன் பலகையை எடுத்துக்கொண்டு தன் சுவருக்குப் போய், அந்த நீலத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படம் வரை படம் படமாக இறங்கினாள். சாப்பிடாமல், எழுந்திருக்காமல். அடி தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

"எம் பக்கம் சுத்தமா இருக்கு. உங்க பக்கம் பாருங்க."

"எங் கை தப்பாது. உனக்கே தெரியும்."

"கை தப்பாது" என்று அவளும் சொன்னாள், துணியை மடித்து வைக்கிற மாதிரி. "சரி."

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. அவள் மேஜையையும் திரையையும் வண்டிக்காரன் ஏற்றினான். பெட்டியை வண்டி வரை நான்தான் தூக்கிப் போனேன். மலை மாதிரிக் கனத்தது என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. கனக்கவே இல்லை. அவன் வாசலில் நின்றான். "பாத்துப் போ" என்றான். அவள் தலையாட்டினாள்.

வண்டியில் ஏறியவள் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "மாமா, நெசமாவே வாத்து இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"நான் திரையப் பாக்கல. அவரு மொகத்தப் பாத்துக்கிட்டு நின்னேன்."

கொடியில் இருந்த துணிகள் அன்றே காய்ந்துவிட்டன. அவற்றை எடுத்து மடிக்கத்தான் யாரும் இல்லை. அவள் மேஜை இருந்த சுவரில் திரை மறைத்திருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. நான் வழக்கம்போல நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கதையை எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்று தெரியவில்லை. தேநீர் நானே போட்டேன். அந்தத் தேநீரை மட்டும் எந்தக் கதையிலும் சேர்க்க முடியாது.

சில நாள் கழித்து மேடம் போனில் வந்தார். "ஒரு இழை மட்டும் ஒட்டலையே, ரெண்டு பக்கமும் சரிபாத்தாச்சா?" என்று கேட்டார்.

"அவங்க பக்கம் பாத்தாச்சு மேடம்" என்றான்.

"உங்க பக்கம்?"

அவன் வெளுத்த சுவரைப் பார்த்தான். "பாக்குறேன் மேடம்" என்றான்.

போனை வைத்துவிட்டுச் சந்திப்புப் படத்தைத் திறந்தான். நீலத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினான். நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஏறுகிற லிஃப்டில் எனக்கு இடம் இல்லாமல் போகுமா? படம் மேல் படமாக விரிந்து மறைந்தது. அவனுக்கு ஒவ்வொரு வட்டமும் தெரிந்திருந்தது. "இங்க ஒரு சின்ன இழை பிரியும்... இங்க இது நசுங்கிப் போகும் பாருங்க..." என்று சொல்லிக்கொண்டே போனான். யானையும் தலைவலியும் பிறந்தநாளும் ஞாபகமில்லாதவனுக்கு, எறும்பின் ஒரு நரம்பு எந்த மாடியில் பெருமூச்சு விட்டது என்பது ஞாபகம் இருந்தது.

ஏறி ஏறிப் போனோம். திடீரென்று திரையில் கறுப்பாக ஒரு கழுத்து எழுந்தது. அலகு. சாய்ந்த வால். வெள்ளைக் குமிழ்க் கண்.

நான் துள்ளியதில் கூரை ஒரு முழம் உயர்ந்து மறுபடி உட்கார்ந்தது. "வாத்து! தம்பி, வாத்து!"

அவன் "ம்" என்று சொல்லவில்லை.

அலகுக்கு அடியில் இருந்த வட்டத்தைப் பெரிதாக்கினான். மற்ற வட்டங்களைச் சுற்றி அவன் போட்ட கோடுகள் எல்லாம் எண்ணெயில் ஊசி போன மாதிரி இருந்தன. இந்த ஒரு கோடு மட்டும் பாதியில் சின்னதாக ஓர் இடறு இடறி, வெளியே போய், திரும்பி வந்து மூடியிருந்தது. ஒரு படம் மேலே போனான். அங்கே நீலம் இடப்பக்கத்து வட்டத்தில் இருந்தது. வாத்துக்குத் திரும்பினான். ஒரு படம் கீழே வந்தான். அங்கே நீலம் வலப்பக்கத்து வட்டத்தில் இருந்தது. அங்கிருந்து சந்திப்பு வரை ஒவ்வொரு கோடும் அழகாக, அசையாமல், வழுக்கிக்கொண்டு போயிருந்தது. எல்லாமே பக்கத்து இழையைச் சுற்றி.

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. மாமியார் வருகிறார் என்றபோதுகூட அசையாத கை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த வரி அங்கே ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது.

அவன் அந்த இடத்திலிருந்து கோடுகளை அழித்துக்கொண்டே இறங்கினான். அழித்த இடத்தில் இடப்பக்கத்து வட்டத்தைப் பிடித்து மறுபடி போட்டான். நான் இரண்டு தடவை தேநீர் போட்டேன், இரண்டும் ஆறின. சாயங்காலம் வந்தது, போனது. மறுநாளும் போட்டான். சந்திப்புப் படத்துக்கு வந்து சேர்ந்து சொடுக்கியபோது அவன் நீலம் அவள் நீலத்தின் மேல் போய் உட்கார்ந்தது. கைதட்ட நான் கையைத் தூக்கினேன். பிறகு மடியில் வைத்துக்கொண்டேன்.

அவன் போனை எடுத்து அழைத்தான். அவள் மேஜை இருந்த வெளுத்த சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒலிபெருக்கியைப் போட்டு முழங்கால் மேல் வைத்துக்கொண்டான். எழுந்து போகலாம் என்று நான் நாற்காலியை நகர்த்தினேன். அவன் என் சட்டைக் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

அவள் எடுத்தாள். அந்தப் பக்கத்தில் கண்ணாடிப் பலகையில் பேனா படுகிற டக், டக் சத்தம் கேட்டது. அங்கேயும் கோடுதான் போல.

"நாந்தான்" என்றான்.

"ம்."

"நீலத்துல தப்பு எம் பக்கம்தான். மடிப்புல தடம் மாறிட்டேன்."

"ம்."

"சரி பண்ணிட்டேன். இப்ப ஒட்டுது."

"ம்."

டக். டக். அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். என்னைப் பார்த்தான். நான் திரையைக் காட்டினேன்.

"வாத்து இருக்கு" என்றான்.

பேனாச் சத்தம் நின்றது.

"மாமா சொன்ன வாத்து. அலகத் தூக்கிக்கிட்டு, அப்படியே இருக்கு. அதுக்கடியில எங் கோடு ஒரு எடத்துல ஆடியிருக்கு. யானைக்கெல்லாம் ஆடல. அங்க ஆடியிருக்கு."

அவள் 'ம்' கூடச் சொல்லவில்லை. அவன் போனை முழங்காலிலிருந்து எடுத்து, ஏதோ உடைந்துவிடும் பொருளைப் போல இரண்டு கையாலும் வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"நடந்துச்சு" என்றான். "நீ கேட்டே. எனக்குக் கேட்டுச்சு."